கார்ட்டூன் படங்களின் மூலச் சித்திரங்களைப் பேணுதல்

கார்ட்டூன் படம் என்றால் அது குழந்தைகளுக்குரிய வேடிக்கை என்று எண்ணி, அதற்கு மேல் ஒன்றும் சிந்தியாது விடுவது நம்மிற் பலருடைய வழக்கம். பூனை எலியைத் துரத்துகிறது, எலி தப்பி ஓடுகிறது, பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. அந்தப் பூனையையும் எலியையும் யாரோ கையினால் வரைந்தார்கள் என்பதும், ஒருமுறையன்று ஆயிரக்கணக்கான முறை வரைந்தார்கள் என்பதும் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. அவ்வாறு வரைந்த தாள்கள் பின்னர் என்னவாயின என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அந்தக் கேள்வியை இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

முதலில், இப்படங்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். திரைப்படம் ஒரு விநாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. கார்ட்டூன் படத்தில் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு முறை படம் பிடிப்பார்கள். ஆகவே ஒரு விநாடிக்கு 12 சித்திரங்களேனும் தேவைப்படும். ஏழு நிமிடம் ஓடும் சிறிய படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் 420 விநாடிகள் உள்ளன. ஒரேயொரு பாத்திரம் இடையறாது அசைவதாக வைத்துக்கொண்டாலும் 5,040 சித்திரங்கள் வேண்டும். இரண்டு மூன்று பாத்திரங்கள் தோன்றினால் தொகை எவ்வளவு பெருகும் என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

இத்தனை சித்திரங்களையும் ஒருவரே வரைவதில்லை. தலைமை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முக்கியமான நிலைகளையும் பென்சிலால் வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் பிசகாது பொருந்துவதற்காக அவற்றின் ஓரத்தில் துளைகள் இடப்பட்டிருக்கும். அத்துளைகள் மேசையிலுள்ள முளைகளில் மாட்டப்படும். மூலையில் வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். பின்னர் அச்சித்திரங்களை ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டில் மையினால் படியெடுத்து, தகட்டைத் திருப்பிப் பின்புறத்தில் வர்ணம் தீட்டுவார்கள். முன்புறத்திலிருந்து பார்க்கும்போது கோடு தெளிவாகவும் வர்ணம் சமமாகவும் தெரிவதற்காகவே இவ்வாறு செய்யப்பட்டது. இத்தகட்டை ஆங்கிலத்தில் 'செல்' என்பர். கைத்தொலைபேசியோடு மயங்காதிருக்க நாம் இதனைச் 'செல் தகடு' என்றே வழங்குவோம். காடு, வீடு, வானம் ஆகிய பின்னணிக் காட்சிகள் தனியே தாளில் தீட்டப்பட்டிருக்கும். அவற்றின்மேல் செல் தகட்டை வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள்.

இந்த முறைக்கு ஏர்ள் ஹேர்ட் என்னும் அமெரிக்கர் 1914ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். அதே ஆண்டில் வின்சர் மக்கே என்பவர் 'கேர்ட்டி' என்ற பெயருடைய டைனோசரைப் பாத்திரமாகக் கொண்ட படத்தை வெளியிட்டார். அவரிடம் செல் தகடு இல்லை. ஆயிரக்கணக்கான மெல்லிய தாள்களில் விலங்கை மட்டுமன்றிப் பின்னணியிலுள்ள பாறையையும் ஏரியையுங்கூட ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அத்தனை தாள்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 400 மாத்திரமே. மக்கேயின் மறைவுக்குப் பின்னர் அவருடைய சித்திரங்கள் ஒரு துணிக்கடையிலே கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் குப்பையிற் கொட்டாது வைத்திருந்ததனால் உலகம் அவற்றை மீண்டும் கண்டது.

நேயர்களே, இவ்வளவு உழைப்பிற் பிறந்த சித்திரங்கள் ஏன் அழிந்தன? காரணம் எளியது. படத்தை ஆக்கியவர்களுக்குப் படச்சுருளே பண்டம். சித்திரம் வெறும் கருவி. வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவதைப் போல, படம் பிடித்து முடிந்ததும் தகடுகளைக் கழுவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். இடம் போதாதபோது எறிந்தார்கள், எரித்தார்கள். வோல்ட் டிஸ்னியின் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் 'ஸ்னோ வைட்' என்னும் முழுநீளப் படத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த கூர்வாசியே என்னும் ஓவியக் கூடம் அதன் செல் தகடுகளை வாங்கி, சட்டமிட்டு, ஓவியங்களாக விற்கத் தொடங்கியது. கழுவப்படவிருந்த தகடு அவ்வாறு கலைப்பொருளாக விற்கப்பட்டது. எனினும் 1950களில் டிஸ்னிலாந்துப் பூங்காவிலே அதே தகடுகள் சில டொலர்களுக்கு நினைவுப் பொருட்களாக விற்கப்பட்டன. பின்னர் 1989இல், 1934ஆம் ஆண்டுப் படமொன்றின் கறுப்பு வெள்ளைச் செல் தகடும் பின்னணியும் சேர்ந்து நியூயோர்க் ஏலத்தில் 286,000 டொலருக்கு விலைபோயின.

விலை ஏறியதும் போலிகளும் பெருகின. படம் பிடிக்கப் பயன்பட்ட தகடு வேறு. பிற்காலத்தில் விற்பனைக்கென்றே அச்சிட்ட தகடு வேறு. ஓரத்திலுள்ள துளைகள், வரிசை எண், பின்புறத்தில் கையாற் பூசிய வர்ணத்தின் தடிப்பு, அதற்கு ஒத்த பென்சில் சித்திரம் ஆகியவற்றைக் கொண்டே அறிந்தவர்கள் இவற்றைப் பிரித்தறிகிறார்கள். ஆயினும் விலையைக் கொண்டு மட்டும் பெறுமதியை அளப்பது பொருந்தாது. ஓவியர் அழித்துத் திருத்திய கோடும், ஓரத்தில் எழுதிய சிறு குறிப்பும் திரையில் தெரிவதில்லை. அவை மூலத்தாளில் மட்டுமே உள்ளன. சித்திரம் கற்கும் மாணவன் ஒருவனுக்கு முடிந்த படத்தைக் காட்டிலும் அத்திருத்தங்களே சிறந்த ஆசிரியனாகும்.

இனி, இவை எவ்வாறு கெடுகின்றன என்பதைப் பார்ப்போம். பழைய செல் தகடுகள் செலுலோஸ் நைத்திரேற்று என்னும் பொருளினால் ஆனவை. அது எளிதில் தீப்பற்றும். காலப்போக்கில் மஞ்சளித்து, சுருங்கி, நொறுங்கும். பின்னர் செலுலோஸ் அசற்றேற்று வந்தது. அது தீக்கு அஞ்ச வேண்டாதது. ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் தானே சிதைந்து, வினாகிரி மணத்தை வீசும். ஒரு தகட்டிலிருந்து வெளிப்படும் புளிப்பாவி பக்கத்திலுள்ள நல்ல தகட்டையும் கெடுக்கும். ஒரு பெட்டி மாம்பழத்தில் ஒன்று அழுகினால் என்ன நேருமென்பது நமக்குத் தெரியாததன்று. வர்ணமோ நீரிற் கரையும் பசை கலந்தது. காற்று மிக வரண்டால் வெடித்து உரியும். மிக ஈரமானால் இளகி மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அழுக்கைத் துடைப்பதாக எண்ணி ஈரத்துணியைக் கொண்டு துடைப்பவர் சித்திரத்தையே துடைத்துவிடுவார்.

டிஸ்னி நிறுவனத்தின் ஆவணக்கூடத்தில் இன்று 6.5 கோடி வரையிலான சித்திரங்களும் பிற பொருட்களும் உள்ளன. 2009 முதல் கெற்றி பாதுகாப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அக்கூடத்தோடு சேர்ந்து இத்தகடுகளை ஆராய்ந்து வந்துள்ளனர். உரிந்த வர்ணத்தைப் புதுப் பசையிட்டு ஒட்டாமல், தகட்டை அளவறிந்த ஈரக்காற்றில் வைத்து, வர்ணத்திலுள்ள பழைய பசையையே இளகச் செய்து மீண்டும் படியவைக்கும் முறை அவ்வாராய்ச்சியில் விளைந்த பயன்களுள் ஒன்று. கெடுக்கும் ஈரத்தையே அளவோடு மருந்தாக்கிய விதம் நம் கவனத்துக்குரியது.

ஆசியாவிலே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டில் டிஸ்னியின் மூலச் சித்திரங்கள் கண்காட்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டன. அவை அந்நாட்டிலேயே அன்பளிப்பாக விடப்பட்டு, ஒரு கலைக்கூடத்தின் வழியாகச் சீபா பல்கலைக்கழகத்தை அடைந்தன. அங்கே ஒரு சேமிப்பறையிற் பல்லாண்டு காலம் எவருடைய கவனமும் பெறாது கிடந்தன. பின்னர் அவை கண்டறியப்பட்டு, செப்பனிடப்பட்டு, பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டளவில் இருநூறுக்கு மேற்பட்டவை உரிய இடத்துக்குத் திரும்பின. ஆக்கியவர்களிடமே இல்லாத சித்திரங்கள் ஒரு கல்விக்கூடத்தின் பழைய அறையில் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு அண்மையிலுள்ள பாரத நாட்டின் கதை இதனினும் சிந்திக்கத்தக்கது. தாதாசாகேப் பால்கே 1915ஆம் ஆண்டிலேயே தீக்குச்சிகளை அசையச் செய்து ஒரு சிறு படம் எடுத்தார். இன்று அப்படம் கிடைப்பதில்லை. 1956இல் பம்பாயிலிருந்த அரசாங்கத் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் பகுதி அமைக்கப்பட்டபோது, டிஸ்னியிடம் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய 'ஆலமரத்து மான்' என்ற படம் அப்பயிற்சியின் விளைவாக 1957இல் உருவானது. அங்கே பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த அவர், சித்திரத்தின்மீது கொண்ட பற்றினால் துறையை மாற்றிக்கொண்டார். 2019இல் மறையும் வரை அத்துறையின் முன்னோடியாகப் போற்றப்பட்டார். ஜப்பானியரான யூகோ சாக்கோவும் அவரும் சேர்ந்து ஆக்கிய இராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் செல் தகடுகள் கையால் தீட்டப்பட்டன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படம் புதுப்பிக்கப்பட்டு இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் காட்டப்பட்டது. கணினி வந்தபின் செல் தகடு உலகெங்கும் வழக்கொழிந்துவிட்டது. ஜப்பானில் நெடுங்காலம் தாக்குப்பிடித்த 'சசாயே-சான்' என்னும் தொலைக்காட்சித் தொடரும் 2013இல் அதனைக் கைவிட்டது. இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. ஆகவே இருப்பதைக் காப்பது ஒன்றே வழி.

கல்முனையில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் பேசுவதனாற் பயனென்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்கு டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் சேர்த்து வழங்கினார். மொழி முழுவதும் விளங்காத நம் பிள்ளைகளும் அவற்றைக் கண்டு சிரித்தார்கள். கோடு பேசிய மொழி அவர்களுக்கு விளங்கியது. ஆனால் நான் எண்ணுவது பிறநாட்டுத் தகடுகளைப் பற்றியன்று. நம்மிடையே கையால் வரைந்தவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களைப் பற்றியே எண்ணுகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சிவஞானசுந்தரம் அவர்கள் 'சுந்தர்' என்ற பெயரால் 'சிரித்திரன்' என்னும் நகைச்சுவை ஏட்டை 1960களின் முற்பகுதியிலிருந்து நடத்தினார். அவர் படைத்த சவாரித்தம்பரை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஏட்டின் இதழ்களை, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகத்தில் இன்று எவரும் படிக்கலாம். இஃது அரிய தொண்டு. ஆயினும் அச்சான பக்கம் ஒன்று, ஓவியர் மை தொட்டு வரைந்த தாள் மற்றொன்று. முன்னது செய்தியைத் தருகிறது. பின்னது கையைக் காட்டுகிறது. இரண்டும் வேண்டும்.

நமது கரையோரத்திலே காகிதத்துக்குப் பகைவர் பலர். மாரியில் வாடைக்காற்று கொண்டுவரும் ஈரமும், கோடையிற் கச்சானின் வெப்பமும், காற்றிலுள்ள உப்பும், கரையானும், வெள்ளிப்பூச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றுக்கும் மேலாக, 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடலே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு வரையுள்ள கரையோர வீடுகளில் நிழற்படமும் இல்லை, பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லை என்ற நிலை வந்தது. உயிரிழப்பின் முன்னே தாளின் இழப்பு சிறியதுதான். எனினும் மறைந்த பிள்ளையொன்று வரைந்த படம் ஒன்றேனும் எஞ்சியிருந்தால் அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரியது என்பதை இக்கரையில் யாரும் விளக்கவேண்டியதில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2019இல் ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள கார்ட்டூன் படக்கூடம் ஒன்றுக்குத் தீவைக்கப்பட்டபோது 36 பேர் உயிரிழந்தனர். கட்டடத்திலிருந்த தாள்கள் சாம்பலாயின. ஆனால் கணினியிற் பதிந்து வைத்திருந்த சித்திரங்களை மீட்க முடிந்தது. நெருப்பும் நீரும் நமக்கு ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. ஒரு பொருள் ஓரிடத்தில் மாத்திரம் இருக்குமாயின், அது பாதுகாப்பாக இல்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை யாவை? பெரும் பணமோ குளிரூட்டிய மண்டபமோ இல்லாமலே பல காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, தாள்களை நிலத்திலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் விலக்கி வைத்தல். சீமெந்துச் சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குள் ஈரம் தானே ஏறும். நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். கரையானின் வரவும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, தாளைச் சுருட்டாது தட்டையாக வைத்தல். ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் ஒன்றை இடவேண்டும். பத்திரிகைத் தாள் ஆகாது. அதிலுள்ள அமிலம் சித்திரத்தை மஞ்சளாக்கும். இரும்பு ஊசியும் துருப்பிடிக்கும். ஒட்டுநாடா சில ஆண்டுகளில் மாறாத கறையை விடும். 'லெமினேட்' செய்வதைப் பலர் பாதுகாப்பு என்று கருதுகிறார்கள். அது தாளைச் சூட்டினால் பிளாஸ்டிக்கோடு பிணைத்துவிடுவதாகும். பின்னர் பிரிக்க இயலாது.

மூன்றாவது, ஒளியைத் தவிர்த்தல். வெயில் பட்ட வர்ணம் மங்கினால் அதை மீட்கும் வழி இல்லை. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டுவதை விரும்பாத வீடுகள் நம் ஊர்களிற் பலவுண்டு. அவ்வீடுகளிற் சித்திரத்துக்கு இடமில்லை என்று கருதவேண்டாம். பேணுதல் வேறு, மாட்டுதல் வேறு. உண்மையில் மூடிய பெட்டியே சித்திரத்துக்கு உகந்த இல்லம். செல் தகடாயின் காற்றுப் புகாத பொலித்தீன் உறையை மாத்திரம் தவிர்க்க வேண்டும். புளிப்பாவி வெளியேற வழி இருத்தல் அவசியம்.

நான்காவது, படியெடுத்தல். நல்ல கைத்தொலைபேசியே இதற்குப் போதும். மின்னொளி வீச்சைப் பயன்படுத்தாது, பகலின் நிழல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுக்க வேண்டும். படத்தோடு வரைந்தவரின் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவற்றையும் எழுதி வைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற சித்திரம் இரண்டாம் தலைமுறையில் அநாதையாகிவிடும். அவ்வாறு எடுத்த படி ஒன்று பாடசாலையிலும், மற்றொன்று கரைக்கு அப்பால், வேறு ஊரிலும் இருக்கட்டும்.

ஐந்தாவது, வெள்ளம் வந்து தாள் நனைந்துவிட்டாற் செய்யவேண்டியது. ஒட்டிக்கொண்ட தாள்களை வலிந்து பிரிக்கக்கூடாது. வெயிலிற் காயவைக்கவும் கூடாது. நிழலிலே, காற்றோட்டத்தில், உறிஞ்சும் தாளை இடையிட்டு மெல்ல உலர்த்த வேண்டும். இரண்டு நாளைக்குள் தொடங்காவிடில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. ஆண்டிறுதியில் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்யும்போது, பழைய சித்திரங்களே முதலில் நெருப்புக்குப் போகின்றன. அப்பியாசக் கொப்பியின் ஓரத்திலே, பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி, தோணியொன்றை வரைந்து, விரலால் விரைந்து புரட்டித் தோணியைக் கடலில் ஓடவிடும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். எவரும் கற்பிக்காமலே அவர்கள் மக்கேயின் வித்தையைக் கண்டுபிடிக்கிறார்கள். அக்கொப்பி தவணை முடிந்ததும் கடலைக்காரரின் கைக்குப் போய்ச் சுருளாகிறது. எல்லாவற்றையும் வைத்திருத்தல் இயலாது என்பதை நான் அறிவேன். ஆண்டுக்குப் பத்துச் சித்திரங்களைத் தெரிந்தெடுத்து, பெயரும் திகதியும் எழுதி, ஒரு தட்டையான பெட்டியில் வைத்தால் இருபத்தைந்து ஆண்டில் 250 சித்திரங்கள் சேரும். மருதமுனைத் தறியில் நெய்த சேலை விலைபோய்விடும். அதன் கரைக்கு வடிவம் வரைந்த தாள் வீட்டில் எங்கோ மூலையிற் கிடக்கும். அதனையும் அப்பெட்டியிற் சேர்க்கலாம்.

எது பெறுமதியுடையது என்று இன்றே தீர்மானிக்க நம்மால் இயலாது. கூர்வாசியே கூடம் விற்கத் தொடங்கும் வரை செல் தகட்டைக் கலையென்று பெரும்பாலோர் கருதவில்லை. தீர்ப்புக் கூறும் பொறுப்பை நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். அவர்கள் தீர்ப்புக் கூறுவதற்குத் தாள் எஞ்சியிருக்கச் செய்வது நமது பொறுப்பு. மாரி தொடங்குமுன் அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் நகர்த்துவதோடு அந்த வேலையை ஆரம்பிக்கலாம்.